வயித்துக்குள்ள ஒரு கெமிஸ்ட்ரி லேப்!

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல் ஞாபகம் இருக்கா பாஸ்? நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு அது கனவுலகூட வரும். அனிலினைக் கரைச்சு, ஐஸ்ல வெச்சு, சோடியம் நைட்ரைட் ஊத்தி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சேர்த்து, பீட்டா நாஃப்தால் விட்டா... பளிச்சுன்னு சிவப்பு கலந்த ஆரஞ்சு! 'சாயச் சோதனை பாசிட்டிவ்'னு எழுதிட்டு, மார்க்கை வாங்கிட்டு, அதோட அந்த நைட்ரைட் பாட்டிலை மறந்துட்டோம்.

அதே பாடத்துல இன்னொரு வரியும் உண்டு. புக்-பேக் கேள்வியா வரும்னு நெட்டுரு போட்டிருப்போம். 'ஈரிணைய அமீன்கள் நைட்ரஸ் அமிலத்துடன் வினைபுரிந்து மஞ்சள் நிற எண்ணெய் போன்ற நைட்ரசோ அமீனைத் தருகின்றன.' ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

அந்த மஞ்சள் எண்ணெய்தான் இந்த வார ஹீரோ. இல்லை, வில்லன்.

யோசிச்சுப் பாருங்க. அந்த ரியாக்‌ஷனுக்கு மொத்தம் மூணு சாமான் வேணும். நைட்ரைட், ஆசிட், அமீன். நம்ம வயித்துல ஆசிட் எப்பவும் ஸ்டாக் இருக்கு, அதுவும் அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட். நைட்ரைட் நம்ம எச்சிலிலேயே வருது. எப்படின்னா, கீரை, பீட்ரூட், தண்ணி வழியா உள்ளே போற நைட்ரேட்டை ரத்தம் உறிஞ்சிக்கும். உமிழ்நீர்ச் சுரப்பி அதுல நாலில் ஒரு பங்கை இழுத்து மறுபடி வாய்க்கே அனுப்பும். நாக்கு மேல குடியிருக்கிற பாக்டீரியா அதுல கொஞ்சத்தை நைட்ரைட்டா மாத்தும். அதை நாம முழுங்குறோம். மிச்சம் அமீன். அது மீன்ல, கறியில இருக்கு. சில மாத்திரைகள்லயும் இருக்கு!

ஆக, சாமான் மூணும் ரெடி. லேப் அட்டெண்டர் மட்டும்தான் இல்லை.

எலி சொன்ன கதை

நைட்ரசோ அமீன் குடும்பத்தோட மூத்த பையன் பேரு நைட்ரசோ டைமெத்தில் அமீன். சுருக்கமா என்.டி.எம்.ஏ. 1956-ல இங்கிலாந்துல ஜான் பார்ன்ஸ், பீட்டர் மேகீன்னு ரெண்டு பேர் இதை எலிக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. எலிக்கு ஈரல்ல கேன்சர். இதை ஃபேக்டரியில கரைப்பானாப் பயன்படுத்திட்டு இருந்தாங்க.

1973-ல அடுத்த அதிர்ச்சி. அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல வில்லியம் லிஜின்ஸ்கின்னு ஒரு விஞ்ஞானி. அவர் குழு என்.டி.எம்.ஏ.வைக் கையிலேயே தொடலை. அமினோபைரின்னு ஒரு வலி மாத்திரை அப்ப பல நாட்டுல புழக்கத்துல இருந்தது. அதையும் நைட்ரைட்டையும் சேர்த்து எலிக்குக் கொடுத்தாங்க. ஈரல்ல கட்டி வந்தது. வெளியிலேருந்து கேன்சர் பொருள் எதுவும் கொடுக்கலை. எலியோட வயிறே அதைத் தயாரிச்சுக்கிச்சு.

'மருந்து பிளஸ் சாப்பாடு ஈக்வல் டு விஷமா?'ங்கிற கேள்வி இப்படித்தான் கிளம்புச்சு. இந்தக் கேள்வி நேரா வந்து மோதின இடம், நம்ம எல்லார் வீட்டு அலமாரியிலும் இருந்த ஒரு மாத்திரை. ரானிடிடின். ரேண்டாக், ஜின்டேக், அசிலாக்னு சொன்னா பாட்டிகூட கண்டுபிடிச்சிடுவாங்க. சுருக்கமா, 'கேஸ் மாத்திரை'.

டேங்கர் மாமாவும் கேஸ் மாத்திரையும்

எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு லாரிக்காரர் இருப்பார். எங்க வீட்டுக்கு எங்க மாமா. கேஸ் டேங்கர் ஓட்டுறார். ராத்திரி ரெண்டு மணிக்கு தாபாவுல காரமா ரொட்டி, மத்தியானம் மூணு மணிக்கு சாப்பாடு, நடுவுல எண்ணிக்கையில்லாத டீ. வண்டி டேஷ்போர்டுல சாமி படம், அதுக்குப் பக்கத்துல மாத்திரை ஸ்ட்ரிப். சாமிக்கு ஊதுபத்தி, மாமாவுக்கு மாத்திரை. ரெண்டும் தினமும் தவறாது.

"ஏனுங் மாமா, தினமும் போடுறீங்களே, டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"இதுக்கெல்லாம் எதுக்கு மாப்ள டாக்டரு? மெடிக்கல்ல கேட்டா குடுக்கறாங்க. எட்டு வருசமாப் போடறேன். ஒண்ணும் ஆகல பாரு."

எட்டு வருஷம்! நம்ம பி.இ. டிகிரியை அரியரோட முடிச்சாக்கூட அவ்வளவு ஆகாது.

மாமாவைச் சொல்லிட்டு நாம தப்பிச்சிட முடியாது. ஹாஸ்டல்ல காலையில டிஃபன் கட், இன்டர்னல்ஸ் டென்ஷன், நைட் பரோட்டா, விடியக்காலம் நெஞ்செரிச்சல். ரூம் மேட்கிட்ட, 'மச்சி, மாத்திரை இருக்கா?' எந்த ரூம்ல தட்டினாலும் கிடைக்கும். ரெக்கார்டு நோட் கேட்டாத்தான் கிடைக்காது!

நாப்பது வருஷ துப்பறியும் கதை

ரானிடிடின் விற்பனைக்கு வந்தது 1981-ல. அதே வருஷம் இத்தாலியில சில்வியோ டி ஃபுளோரா 'லான்செட்' பத்திரிகையில ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ரானிடிடினை நைட்ரைட்டோட சேர்த்தா, மரபணுவைக் கெடுக்கிற நைட்ரசோ பொருள் உருவாகுதுன்னு சோதனைக் குழாய்ல பார்த்திருக்கார். அதனால நைட்ரேட் குறைவான சாப்பாடு நல்லது, சாப்பாட்டு நேரத்தை ஒட்டி மாத்திரையைப் போட வேண்டாம், இல்லைன்னா கூடவே வைட்டமின் சி கொடுக்கலாம்னு யோசனையும் சொல்லியிருந்தார். பெருசா யாரும் காதுல போட்டுக்கலை. 80-களோட கடைசியில உலகத்திலேயே அதிகமா விற்பனையான மருந்து இதுதான்.

2016-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 10 பேருக்கு ரானிடிடின் கொடுத்து, யூரினைச் சோதிச்சாங்க. என்.டி.எம்.ஏ. 400 மடங்குக்கு மேல எகிறிடுச்சுன்னு ரிசல்ட். பகீர்!

2019 செப்டம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ரானிடிடின் மாத்திரையிலேயே என்.டி.எம்.ஏ. இருக்குன்னு அறிவிச்சது. அதே மாசம் இந்தியாவோட மருந்துக் கட்டுப்பாட்டு தலைமை அதிகாரி எல்லா மாநிலத்துக்கும் தகவல் அனுப்பி, கம்பெனிகளைச் சோதிக்கச் சொன்னார். ஜின்டேக் தயாரிச்ச கிளாக்ஸோ கம்பெனி சப்ளையை நிறுத்திடுச்சு. 2020 ஏப்ரல் 1 அன்னிக்கு, ரானிடிடின் மொத்தத்தையும் கடையிலேருந்து எடுங்கன்னு எஃப்.டி.ஏ. கேட்டுக்கிச்சு. (தேதியைப் பார்த்து விளையாட்டுன்னு நினைச்சிடாதீங்க, நிஜம்தான்.)

'அப்போ டி ஃபுளோரா சொன்னது சரி. சாப்பாடும் மாத்திரையும் வயித்துல கைகோத்துடுச்சு. கேஸ் முடிஞ்சது'ன்னு எழுந்திரிக்காதீங்க. இன்டர்வெல்லுக்கு அப்புறம்தான் ட்விஸ்ட்.

எஃப்.டி.ஏ.வே நடத்தின ஒரு சோதனையோட முடிவு 2021-ல வெளியாச்சு. ஆரோக்கியமான 18 பேர். சில நாள் 300 மில்லிகிராம் ரானிடிடின், சில நாள் டம்மி மாத்திரை. யார் எதைச் சாப்பிடுறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. சாப்பாடும் ரெண்டு வகை. ஒண்ணு சாதாரணம். இன்னொண்ணு நைட்ரைட் போட்டுப் பதப்படுத்தின கறியோட. 24 மணி நேர யூரினைப் பிடிச்சு அளந்தாங்க. ரிசல்ட்? ரெண்டு சாப்பாட்டிலும் டம்மி மாத்திரைக்கும் நிஜ மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை!

அப்போ அந்த 400 மடங்கு? அளந்த முறையிலேயே கோளாறு. சோதனை நடக்கும்போதே யூரின்ல இருந்த ரானிடிடின் என்.டி.எம்.ஏ.வா மாறிட வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சதும், 2021-ல அந்த ஆராய்ச்சியாளர்களே கட்டுரையை வாபஸ் வாங்கிட்டாங்க. நம்ம லேப்ல ரீடிங் தப்பா வந்தா, பக்கத்து பெஞ்ச்சைப் பார்த்து மாத்தி எழுதுவோம். அவங்க ஊரறிய வாபஸ் வாங்கினாங்க. அறிவியல்னா அது!

அப்போ குற்றவாளி யாரு?

ஸ்ட்ரிப்புக்குள்ளேயே இருக்கான். ரானிடிடின் மூலக்கூறோட ஒரு முனையில டைமெத்தில் அமீன், இன்னொரு முனையில நைட்ரோ. அதாவது வெடியும் திரியும் ஒரே பாக்கெட்ல. காலம் போகப் போக, சூடு ஏற ஏற, அந்த மூலக்கூறு உடைஞ்சு தன்னாலேயே என்.டி.எம்.ஏ.வைப் பெத்துப் போடுது. சாதாரணமா வெச்சிருந்தாலே அளவு கூடுது, சூடான இடத்துல வேகமாக் கூடுதுன்னு எஃப்.டி.ஏ. கண்டுபிடிச்சதுதான், 2020-ல மாத்திரையை எடுக்கச் சொன்னதுக்குக் காரணம்.

இப்ப மாமாவோட டேஷ்போர்டை நினைச்சுப் பாருங்க. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடற ஊரு எங்களுது. நிறுத்தி வெச்ச வண்டி கேபின்ல கையை வைக்க முடியாது. அந்தக் கண்ணாடிக்கு அடியில மாசக்கணக்கா வெந்துட்டு இருக்கு ஒரு ஸ்ட்ரிப். மாமா ரொட்டியையும் டீயையும் சந்தேகப்பட்டாரு. வெயிலை யாரும் சந்தேகப்படலை.

இதுக்காகப் பதறவும் வேண்டாம். என்.டி.எம்.ஏ.வுக்கு ஒரு நாளைக்கு வெச்சிருக்கிற எல்லை 96 நானோகிராம். ஒரு கிராமை 100 கோடிப் பங்கு போட்டு, அதுல 96 பங்கு. 70 வருஷம் தினமும் அந்த அளவு உள்ளே போனா, லட்சம் பேர்ல ஒருத்தருக்குக் கூடுதலா கேன்சர் வரலாம்ங்கிற கணக்குல போட்ட கோடு அது. ரானிடிடின் சாப்பிட்டவங்களையும், அதே வகை வேற மாத்திரை சாப்பிட்டவங்களையும் பல நாட்டு மருத்துவப் பதிவுகளை வெச்சு ஒப்பிட்டு 2023-ல ஒரு பெரிய ஆய்வு வந்தது. கேன்சர் ஆபத்து கூடினதாத் தெரியலை. அதனால நேத்து ஒண்ணு போட்டவங்க இன்னிக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. ஆனா, 'ஆபத்து சின்னது'ங்கிறது வேற, 'தேவையே இல்லாத ஆபத்து'ங்கிறது வேற. அதே வேலையைச் செய்யற ஃபாமோடிடின்ல இந்தத் தொல்லை இல்லைன்னு சோதனைகள் சொல்லுது.

நம்ம நாட்டுல ரானிடிடினுக்குத் தடை இல்லை. ஆனா 2022-ல வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லேருந்து அதை எடுத்துட்டாங்க. 2025 ஜூலையில, கம்பெனிகள் இந்த மாத்திரையில என்.டி.எம்.ஏ. அளவைக் கண்காணிக்கிறதை உறுதி பண்ணுங்கன்னு மாநிலங்களுக்கு மத்திய அமைப்பு மறுபடி சொல்லியிருக்கு. அதாவது, கதை இன்னும் ஓடிட்டு இருக்கு.

போர் தண்ணியில ஒரு கேரக்டர்

அப்போ வயித்துக்குள்ள லேப் இருக்குங்கிறது பொய்யா? இல்லை! ரானிடிடின் விஷயத்துல மட்டும்தான் அந்த லேப் நிரபராதி. 1981-ல பிரான்ஸ்ல லியோன் நகரத்து ஆராய்ச்சிக் கூடத்துல ஒஷிமா, பார்ட்ஷ்னு ரெண்டு பேர், ஒருத்தருக்கு நைட்ரேட் நிறைஞ்ச பீட்ரூட் ஜூஸும் புரோலின்ங்கிற அமினோ அமிலமும் கொடுத்தாங்க. யூரின்ல நைட்ரசோ புரோலின் வந்தது. அது கேன்சர் உண்டாக்காத ரகம். ஆனா மனுஷ உடம்புக்குள்ள அந்த ரியாக்‌ஷன் நடக்குதுங்கிறதுக்கு அதான் சாட்சி. கூடவே வைட்டமின் சி கொடுத்தப்போ, அளவு குறைஞ்சிடுச்சு. அமீன்கிட்ட போறதுக்கு முன்னாடியே வைட்டமின் சி நைட்ரைட்டை மடக்கிடுது. பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி.

கீரையையும் பீட்ரூட்டையும் நாம பயந்து நிறுத்த வேண்டியதில்லைங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். நைட்ரேட் கூடவே போலீஸையும் கூட்டிட்டு வருது காய்கறி.

போலீஸ் இல்லாம வர்ற நைட்ரேட்தான் தண்ணியில இருக்கறது. சாப்பாடு, தண்ணி வழியா வர்ற நைட்ரேட், நைட்ரைட், உடம்புக்குள்ள நைட்ரசோ பொருளா மாறக்கூடிய சூழ்நிலையில, 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்'னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010-ல வெளியிட்ட தொகுப்புல வகைப்படுத்தியிருக்கு.

நம்ம நாட்டுல குடிதண்ணிக்கு எல்லை, லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024-ல வெளியிட்ட அறிக்கைப்படி, தமிழ்நாட்டுல எடுத்த சாம்பிள்ல 37 சதவீதத்துக்கும் மேல இந்த எல்லையைத் தாண்டியிருக்கு. காரணம் என்ன? வயலுக்குக் கொட்டுற யூரியா, செப்டிக் டேங்க் கசிவு, ஆடு மாடு கோழிக் கழிவு. கோழிப் பண்ணைக்கும் முட்டைக்கும் பேர் போன ஊர்லேருந்து எழுதறேன். கோழி எரு வயலுக்குத் தங்கம். ஆனா திறந்தவெளியில குவிச்சு, மழையில கரைய விட்டா, அது நேரா போர் குழிக்குத்தான் இறங்கும். திருச்செங்கோடு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போய் ஆயிரம் அடி துளை போடுது. தண்ணி வருதான்னுதான் எல்லாரும் பார்க்கறாங்க. வந்த தண்ணியில என்ன இருக்குன்னு யாரும் கேக்கறதில்லை.

முக்கியமான விஷயம்: தண்ணியைக் கொதிக்க வெச்சா கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாத்தான் ஆகும். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கிற வீட்டுல இதைக் கண்டிப்பாச் சொல்லுங்க. நைட்ரேட் அதிகமான தண்ணி குழந்தையோட ரத்தத்துல ஆக்சிஜன் தூக்கற சக்தியையே குறைச்சிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல ஆய்வுக்கூடம் இருக்கு. ஒரு பாட்டில் தண்ணி, சின்னக் கட்டணம், ஒரு ரிப்போர்ட். நம்ம புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல டாபிக் கிடைக்குமா? (டிப்ளமோ பசங்க செஞ்ச புராஜெக்ட்டை விலைக்கு வாங்கறதை விட கௌரவம் ஜாஸ்தி!)

மாத்திரை மறைச்ச விஷயம்

இவ்வளவு சொன்னதும் மாமா மாத்திரையை மாத்தறேன்னார். 'மாத்திரையை மாத்த வேண்டாம் மாமா, டாக்டரைப் பாருங்க'ன்னு அம்மாவும் நானும் மல்லுக்கட்டினோம். ரெண்டு மாசம் இழுத்தடிச்சு, அத்தை அழுதப்புறம்தான் கிளம்பினார். டியூப் விட்டுப் பார்த்தாங்க. வயித்துல புண். கூடவே ஹெலிகோபேக்டர் பைலோரிங்கிற கிருமி.

இந்தக் கிருமிக்கும் ஒரு சினிமாக் கதை இருக்கு. அல்சருக்குக் காரணம் டென்ஷனும் காரமும்னு உலகமே நம்பிட்டு இருந்தப்போ, ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல்ங்கிற டாக்டர் 1984-ல இந்தக் கிருமியைத் தானே குடிச்சு, வயித்தைக் கெடுத்துக்கிட்டு நிரூபிச்சார். 2005-ல ராபின் வாரனோட சேர்த்து நோபல் பரிசு. இந்தக் கிருமி வயித்துக் கேன்சருக்கு உறுதியான காரணம்னு 1994-லயே உலக சுகாதார நிறுவனத்தோட அதே அமைப்பு சொல்லியாச்சு.

இப்பக் கணக்குப் போடுங்க. எட்டு வருஷமா மாமா பயப்பட வேண்டியது நானோகிராம் கணக்குல இருந்த என்.டி.எம்.ஏ.வை மட்டுமா? எரிச்சலை மாத்திரை அமுக்கிட்டே இருந்தது. எரிச்சலோட காரணம் அடியில வசதியாக் குடியிருந்தது. நல்லவேளை, புண்ணோட நின்னுடுச்சு. ரெண்டு வாரம் ஆன்டிபயாடிக் கோர்ஸ், அப்புறம் ஒரு டெஸ்ட். இப்ப டேஷ்போர்டுல சாமி படம் மட்டும்தான்.

கேஸ் மாத்திரையோட பெரிய ஆபத்து அதுக்குள்ள என்ன இருக்குங்கறது இல்லை. அது எதை மறைக்குதுங்கறதுதான்.

டிப்ஸ் கார்னர்

மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்கின கேஸ் மாத்திரை ரெண்டு வாரத்துக்கு மேல தேவைப்பட்டா, கடைக்குப் போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. எடை குறையுது, சாப்பாடு தொண்டையில அடைக்குது, கறுப்பா மலம் போகுதுன்னா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க.

மாத்திரையை வண்டி, டி.வி. மேல, அடுப்பு மேடை, ஜன்னல் ஓரம்னு எங்கேயும் வெக்காதீங்க. ஸ்ட்ரிப்ல எத்தனை டிகிரிக்குள்ள வெக்கணும்னு போட்டிருக்கும். பரீட்சைக்குப் படிக்கறதுல பாதி கவனம் போதும், படிச்சிடலாம்.

டாக்டர் எழுதின பி.பி., சுகர் மாத்திரையை மட்டும் இதைப் படிச்சிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, வீட்டுல யாரையும் நிறுத்தவும் விடாதீங்க. 2018-ல வால்சார்டன்ங்கிற பி.பி. மாத்திரையில இதே என்.டி.எம்.ஏ. மாட்டினப்பகூட, மாற்று மருந்து கைக்கு வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்கன்னுதான் எஃப்.டி.ஏ. சொன்னது. பி.பி.யை கவனிக்காம விட்டா வர்ற ஆபத்து நானோகிராம் கணக்குல இருக்காது.

சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கோங்க. மெஸ்ல குடுக்கற எலுமிச்சை சாதத்தையும் கணக்குல சேர்த்துக்கலாமான்னு கேக்காதீங்க. எலுமிச்சை அதுல இருக்கான்னு முதல்ல கண்டுபிடிங்க!

இந்த வார அசைன்மென்ட் இதான்: லீவுக்கு ஊருக்குப் போறப்ப, வீட்டு மருந்து டப்பாவைக் கொட்டிப் பாருங்க. யார் என்ன மாத்திரை, எத்தனை வருஷமாப் போடறாங்க, யார் சொல்லிப் போடறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. மூணாவது காலத்துல 'யாரும் சொல்லலை'ன்னு வந்தா, அவங்களை நீங்களே கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

வைவா கிடையாது. ஆனா அட்டெண்டன்ஸ் கட்டாயம்!